சோற்றுக் கேள்வியை யார் கேட்பது? நாடாளுமன்றத்தில் மதகுருமாரும் உணவுக் கொள்கையும்

2011 ஜனவரி 8ஆம் திகதி மன்னாரில் நடைபெற்ற கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அமர்வில், அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை ஒரு கழித்தல் கணக்கை முன்வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது?

முதலாவது எண் கச்சேரிகளின் குடித்தொகைக் கணக்கு. விதானைமார் ஊர் ஊராகத் திரட்டிக் கொடுக்கும் இத்தகைய கணக்கை வைத்துத்தான் போர்க்காலத்தில் அரிசி, மா, பருப்பு, சீனி என்று கொழும்பிடம் நிவாரணம் கேட்கப்பட்டது. எத்தனை வாய்களுக்கு உணவு வேண்டும் என்பதும் எத்தனை உயிர்கள் இருந்தன என்பதும் எங்கள் மண்ணில் ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள்.

அந்தக் கேள்வியை ஒரு மதத் தலைவர் கேட்டார். ஆனால் நாடாளுமன்றத்தில் அல்ல, ஓர் ஆணைக்குழுவின் முன்னால். அதே காலத்தில் இலங்கை நாடாளுமன்றத்தின் உள்ளே வேறு மதத் தலைவர்கள் ஆசனத்தில் இருந்தார்கள். அவர்களும் உணவைப் பற்றிப் பேசினார்கள். சில ஆண்டுகள் கழித்து அவர்கள் பேசிய விடயம் நாட்டின் கொள்கையாக மாறி, ஒவ்வொரு வயலையும் தொட்டது. மதகுருமார் சபைக்குள் உணவுக் கேள்வி எழுப்பும்போது என்ன நடக்கிறது, அதில் வடக்கு கிழக்கு மக்களுக்கு என்ன இருக்கிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

சபையில் கேட்கப்படும் கேள்விக்கு என்ன பெறுமதி?

கூட்டத்தில் பேசுவதற்கும் சபையில் வினா எழுப்புவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் வாய்மூல விடைக்காக வினாவொன்றைச் சமர்ப்பித்தால் அது ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகும். உரிய அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். மேலதிக வினாக்களும் கேட்கலாம். கேள்வி, பதில் இரண்டும் ஹன்சாட்டில் பதிவாகும். அமைச்சர்கள் கால அவகாசம் கேட்டு இழுத்தடிப்பது வழமைதான். ஆனாலும் அவகாசம் கேட்டதும் பதிவாகிறது.

வினாக்களைத் தவிர வேறு வழிகளும் உள்ளன. நிலையியற் கட்டளை 27(2)இன் கீழ் கட்சித் தலைவர்கள் பொது முக்கியத்துவம் வாய்ந்த விடயங்களை எழுப்பலாம். சபை ஒத்திவைப்புப் பிரேரணை கொண்டுவரலாம். தனிநபர் சட்டமூலம் சமர்ப்பிக்கலாம். வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் விவசாய அமைச்சின் செலவினங்களைக் கேள்விக்கு உட்படுத்தலாம். குழுக்களில் அதிகாரிகளை நேரில் அழைத்து விசாரிக்கலாம்.

ஆலய முன்றலிலோ ஆயர் இல்லத்திலோ விடுக்கப்படும் அறிக்கைக்கு இந்தப் பலம் கிடையாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. மன்னார் ஆயரின் கணக்குக்கு இன்றுவரை யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லாமல் இருப்பதே இதற்குச் சான்று.

காவியுடை சபைக்கு வந்த விதம்

இலங்கையில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதலாவது பௌத்த பிக்கு பத்தேகம சமித்த தேரர். 2001 டிசெம்பர் தேர்தலில் காலி மாவட்டத்தில் இருந்து, லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்ந்தவராகப் பொதுஜன ஐக்கிய முன்னணியில் அவர் தெரிவானார். அவர் இடதுசாரி.

2004இல் நிலைமை மாறியது. அவ்வாண்டு பெப்ரவரியில் உருவாக்கப்பட்ட ஜாதிக ஹெல உறுமய, ஏப்ரல் 2ஆம் திகதி தேர்தலில் இருநூறுக்கும் மேற்பட்ட பிக்குகளைக் களமிறக்கி, ஏறத்தாழ 6 சதவீத வாக்குகளுடன் ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. ஒன்பதிலும் பிக்குகளே அமர்ந்தார்கள். சிங்கள பௌத்த தேசியவாதமே அக்கட்சியின் அடிப்படை. சமாதானப் பேச்சுக்கும் அதிகாரப் பகிர்வுக்கும் அது வெளிப்படையான எதிர்ப்பைக் காட்டியது.

போரால் பாதிக்கப்பட்டவர்களைப் பொறுத்தவரை அக்கட்சியின் முதலாவது சோதனை ஆழிப்பேரலைக்குப் பின்னர் வந்தது. வடக்கு கிழக்கின் கரையோர மக்களுக்கு நிவாரணத்தையும் மீள்கட்டுமான உதவியையும் பகிர்வதற்காக, அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24ஆம் திகதி பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அதை எதிர்த்து, ஹெல உறுமயவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஓமல்பே சோபித தேரர் அம்மாதம் கண்டி தலதா மாளிகைக்கு அருகே சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார். ஜே.வி.பி. நீதிமன்றத்தை நாடியது. ஜூலை 15ஆம் திகதி உயர் நீதிமன்றம் முக்கிய ஏற்பாடுகளை இடைநிறுத்தியது. கட்டமைப்பு செயற்படாமலே முடிந்தது. வலையும் வள்ளமும் இழந்து முகாமில் இருந்தவர்களுக்கு உதவி எந்த வழியால் வந்து சேரும் என்ற கேள்விக்கு, சபையில் இருந்த மதகுரு ஒருவர் தன் உணவை மறுத்துப் பதில் சொன்னார். அந்தப் பதில் மறுப்பாகவே இருந்தது.

‘நஞ்சற்ற நாடு’

அதே ஒன்பது பேரில் ஒருவரான அத்துரலியே ரத்தன தேரர்தான் பின்னர் உணவுக் கொள்கையோடு அதிகம் பேசப்பட்ட மதகுரு. 2004இல் ஹெல உறுமயவிலும், 2010இல் ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணியிலும், 2015இல் ஐக்கிய தேசியக் கட்சி தலைமையிலான அணியின் தேசியப் பட்டியலிலும், 2021 ஜனவரியில் அபே ஜன பல கட்சியின் தேசியப் பட்டியலிலும் அவர் நாடாளுமன்றம் சென்றார். ஆட்சிகள் மாறினாலும் அவர் ஒரு விடயத்தை விடவில்லை: இரசாயன உரமும் பீடைகொல்லியும் மக்களை நஞ்சூட்டுகின்றன, விவசாயம் இயற்கை வழிக்குத் திரும்ப வேண்டும்.

அவர் இல்லாத பிரச்சினையைக் கிளப்பவில்லை என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களிலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் கமக்காரக் குடும்பங்களை அழித்து வருகிறது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாதவர்களுக்கும் இது வருகிறது. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைட், பார உலோகங்கள், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரின்றி வேலை செய்வது எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. ஒரே காரணம் இதுதான் என்று அறிவியல் உலகம் இன்னும் உடன்படவில்லை.

சந்தேகப் பட்டியலில் இருந்த ஒன்றை அரசியல் மேடை தீர்ப்பாக மாற்றியது. 2015இல் களைகொல்லியான கிளைபொசேட் தடை செய்யப்பட்டது. தேயிலை, இறப்பர் தோட்டங்களின் நெருக்குதலால் 2018இல் அப்பயிர்களுக்கு மட்டும் தடை தளர்த்தப்பட்டது. 2016இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் ஆட்சியில் ‘நஞ்சற்ற நாடு’ என்ற தேசிய நிகழ்ச்சித்திட்டம் தொடங்கியது. அதன் முன்னணி முகம் ரத்தன தேரர்.

ஒரு மதகுரு உணவைப் பற்றிப் பேசும்போது அதை மறுப்பது எளிதல்ல. நஞ்சில்லாத சோறு வேண்டும் என்பதை யார் எதிர்ப்பார்கள்? காவியுடை அந்தக் கோரிக்கைக்கு அறத்தின் நிறத்தைக் கொடுத்தது. எவ்வளவு உரம் தேவை, மாற்று உரம் எங்கிருந்து வரும், விளைச்சல் குறைந்தால் நட்டத்தை யார் ஏற்பது போன்ற கணக்குக் கேள்விகள் அறக்கேள்வியின் முன்னால் சின்னத்தனமாகத் தோன்றின.

2021: கேட்கப்படாத கேள்விகளின் விலை

2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச, பத்து ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாறுவதாக வாக்களித்திருந்தார். பத்து ஆண்டு என்ற அவகாசம் ஒரே வர்த்தமானியில் காணாமற் போனது. 2021 மே 6ஆம் திகதி இரசாயன உரம், பீடைகொல்லி ஆகியவற்றின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. டொலர் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்த காலம் அது. உர இறக்குமதிச் செலவை நிறுத்துவதும் ஒரு நோக்கம் என்பதே பொருளாதார ஆய்வாளர்கள் பலரின் கருத்து. தடையைப் பகிரங்கமாக ஆதரித்தவர்களுள் ரத்தன தேரர் முக்கியமானவர்.

பின்னர் நடந்தவற்றைக் கமக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரும்போகத்துக்குப் பசளை இல்லை. சீனாவில் இருந்து வரவிருந்த சேதன உரத்தின் மாதிரிகளில் தீங்கான பக்றீரியா இருப்பதாகத் தேசிய தாவரத் தொற்றுநோய்த் தடுப்புச் சேவை கண்டறிந்து மறுத்தது. கொடுப்பனவு நின்றதால் சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. இறுதியில் வந்திறங்காத உரத்துக்காக ஏறத்தாழ 6.7 மில்லியன் டொலரை இலங்கை செலுத்தியது. இந்தியாவில் இருந்து ‘நனோ நைதரசன்’ திரவம் அவசரமாகக் கொண்டுவரப்பட்டது. நாடெங்கும் விவசாயிகள் வீதிக்கு இறங்கிய பின்னர், நவம்பர் 24ஆம் திகதி தனியார் உர இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. அதற்குள் விதைப்பு முடிந்திருந்தது.

2022 ஜனவரியில் நெற்செய்கையாளருக்கு 40 பில்லியன் ரூபா இழப்பீடு அறிவிக்கப்பட்டது. இழப்பீடு கொடுப்பதே நட்டம் நடந்தது என்பதற்கான ஒப்புதல். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அக்காலத்தில் 6.3 மில்லியன் மக்கள் உணவுப் பாதுகாப்பின்மையை எதிர்கொள்வதாக உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் மதிப்பிட்டன. இதில் டொலர் தட்டுப்பாடு, எரிபொருள் பற்றாக்குறை, உலகச் சந்தை விலை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் நெல் விளைச்சல் வீழ்ந்ததில் உரத் தடையின் பங்கை யாரும் மறைக்க முடியாது.

யூரியா இல்லாத வயல் எங்களுக்குப் புதிதல்ல

தெற்கின் கமக்காரர் 2021இல் முதன்முறையாகக் கண்டதை வடக்கு முன்னரே கண்டிருந்தது. 1990 முதல் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருள், மின்கலம், சீமெந்து ஆகியவற்றோடு உரமும் அடங்கியது. யூரியா வெடிபொருளுக்குப் பயன்படும் என்பது சொல்லப்பட்ட காரணம். 2002 போர்நிறுத்தத்தோடுதான் தடை பெருமளவில் நீங்கியது. அதுவரை குழை தாழ்த்தும் எருப் போட்டும் பயிர் செய்த வலிகாமத்தினதும் வன்னியினதும் கமக்காரரிடம், உரமில்லாமல் ஓர் ஏக்கர் எவ்வளவு தரும் என்ற அனுபவக் கணக்கு இருந்தது. 2021இல் கொள்கை வகுத்தவர்கள் அந்தக் கணக்கை யாரிடமும் கேட்கவில்லை.

2009இல் உணவுக் கணக்கு இன்னும் கொடியதாக மாறியது. வன்னியில் எஞ்சியிருப்பவர்கள் 70,000 பேர் அளவில்தான் என்று அரசாங்கம் கூறியது. ஐ.நா.வின் அப்போதைய மதிப்பீடு சுமார் 250,000. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 அறிக்கையில், அரசாங்கம் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியதையும் அதனால் உணவும் மருந்தும் போதாமற் போனதையும் பதிவு செய்துள்ளது. தமிழ் உறுப்பினர்கள் இதைச் சபையில் பேசினார்கள். ஹன்சாட்டில் அது உண்டு. நஞ்சில்லாத சோற்றுக்காகப் பின்னர் குரல் கொடுத்த காவியுடையினர் அன்று சோறே இல்லாதவர்களுக்காகக் குரல் கொடுக்கவில்லை. போரை இறுதிவரை நடத்த வேண்டும் என்றே அவர்களின் கட்சி வலியுறுத்தியது. மே மாதந்தோறும் நாங்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவது அந்தப் பசியின் நினைவாகத்தான்.

இறைச்சி, ஹலால், மேய்ச்சல் தரை

உணவுக் கொள்கை உரத்தோடு முடிவதில்லை. 2013இல் பொது பல சேனாவின் பிரசாரத்தால் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஹலால் சான்றிதழ் முறையில் இருந்து பின்வாங்க நேர்ந்தது. மாடு அறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு 2020 செப்டெம்பரில் அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. பௌத்த அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்டு வந்தது அது. இதில் தமிழர் தரப்பும் சுத்தம் என்று சொல்ல முடியாது. 2018இல் சாவகச்சேரியில் மாட்டிறைச்சிக்கு எதிராகச் சைவத்தின் பெயரால் நடத்தப்பட்ட போராட்டத்தின் மொழி, தெற்கில் கேட்ட மொழியில் இருந்து வெகுதூரத்தில் இருக்கவில்லை. அடுத்தவரின் சட்டியில் என்ன கொதிக்கிறது என்று பார்ப்பது ஒன்று. அவரின் சட்டி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பது வேறொன்று. மதத்தின் பெயரால் முதலாவதை நிறையச் செய்கிறோம், இரண்டாவதைக் குறைவாகவே செய்கிறோம்.

மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் அத்துமீறிய பயிர்ச்செய்கைக்கு எதிராகப் பண்ணையாளர்கள் 2023 முதல் நடத்திய தொடர் போராட்டமும் உணவுப் பிரச்சினைதான். நாடு பால்மாவுக்கு வெளிநாட்டை நம்பியிருக்கும்போது, பால் தரும் மாடுகள் மேய இடமில்லாமல் சாகின்றன. முல்லைத்தீவின் குருந்தூர்மலையைச் சூழ்ந்த வயற்காணிகள் தொல்லியல் எல்லைக்குள் போவதும், படையினர் வசமுள்ள காணிகள் விடுபடாமல் இருப்பதும் இதே வரிசையில் வருகின்றன. பிக்குகளின் தலையீடு இங்கெல்லாம் நிலத்தைப் பற்றியதாகத் தோன்றும். விளைவு உலையில்தான் தெரியும்.

பிரித்தானிய ஆயர்கள் செய்தது

எங்கள் உறவினர் பலர் வாழும் பிரித்தானியாவில் பிரபுக்கள் சபையில் இங்கிலாந்துத் திருச்சபையின் 26 ஆயர்கள் பதவிவழி அமர்கிறார்கள். மக்கள் வாக்களிக்காத மதகுருமாருக்கு ஏன் ஆசனம் என்ற விமர்சனம் அங்கு எப்போதும் உண்டு, அது நியாயமான விமர்சனம். ஆனால் உணவு விடயத்தில் அவர்கள் நடந்துகொண்ட விதத்தில் கற்க ஒன்று இருக்கிறது.

2014 பெப்ரவரியில் 27 அங்கிலிக்கன் ஆயர்கள் உட்பட 43 கிறிஸ்தவத் தலைவர்கள், பசியால் மக்கள் உணவு வங்கிகளை நாடுவது பற்றி அரசைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அதே ஆண்டு தொழிற்கட்சி உறுப்பினர் பிராங்க் பீல்ட், ட்ரூரோ ஆயர் டிம் தோர்ன்டன் ஆகியோரின் இணைத் தலைமையில் அனைத்துக் கட்சி நாடாளுமன்ற விசாரணை ஒன்று நடந்தது. அவர்கள் ஊர்களுக்குச் சென்று சாட்சியம் திரட்டினார்கள். டிசெம்பரில் வெளியான அறிக்கை, நலன்புரிக் கொடுப்பனவு தாமதமாவதும் நிறுத்தப்படுவதும் மக்களை உணவு வங்கிக்குத் தள்ளும் முக்கிய காரணங்களில் அடங்கும் என்று காட்டியது. 2022இல் டர்ஹம் ஆயர் போல் பட்லர், இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உதவி வழங்காத விதியை நீக்கக் கோரித் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார்.

இரண்டு நாடுகளிலும் மதகுருமார்தான் பேசினார்கள். அங்கே ஆயர்கள் பட்டினி கிடந்தவர்களிடம் சாட்சியம் கேட்டு, அதன் பின்னர் அமைச்சர்களிடம் கணக்குக் கேட்டார்கள். இங்கே பதில் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது. கமக்காரர் அதற்கு இணங்க வேண்டியவராக மட்டும் கருதப்பட்டார்.

எங்கள் குருமார் ஏன் சபையில் இல்லை?

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 285ஆவது பிரிவு, குருமார் அரச அதிகாரம் செலுத்தும் பதவிகளை ஏற்பதைத் தடுக்கிறது. சைவக் குருமாருக்கு அப்படி ஒரு சட்டத்தடை இல்லை. ஆனால் அவர்களை வேட்பாளராக நிறுத்துவது தமிழ்க் கட்சிகளின் வழக்கம் அல்ல. இதனால் நாங்கள் ஏதோ இழந்துவிட்டோம் என்று நான் கருதவில்லை. வாக்குக் கேட்காதவர் என்பதாலேயே மன்னார் ஆயரின் கணக்குக்கு நம்பகத்தன்மை இருந்தது. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. குருமார் வெளியே சேகரிக்கும் உண்மையைச் சபைக்குள் வினாவாக மாற்றும் வேலையை எங்கள் பிரதிநிதிகள் ஒழுங்காகச் செய்வதில்லை. உரைகள் நிறைய உண்டு. துல்லியமான, எண் கேட்கும் வினாக்கள் குறைவு.

உதாரணத்துக்கு: எங்கள் மாவட்டத்தில் 2021/22 பெரும்போகத்தில் எத்தனை ஏக்கர் அழிவடைந்தது, இழப்பீடு எத்தனை பேருக்குக் கிடைத்தது? படையினர் பயிர் செய்யும் காணி எவ்வளவு, அதன் வருமானம் எங்கே போகிறது? எடை குறைந்த பிள்ளைகள் எந்தப் பிரதேச செயலாளர் பிரிவில் அதிகம்? இவற்றுக்குச் சபையில் பதில் வாங்கினால் அது ஆவணம்.

கேள்வியை உள்ளே அனுப்பும் வழிகள்

ஆலய பரிபாலன சபை, பங்கு மன்றம், பள்ளிவாசல் நிர்வாகம், கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம் ஆகியவை தங்கள் மாவட்ட உறுப்பினரிடம் எழுத்துமூலம் வினாவைக் கையளிக்கலாம். வினாவில் இடம், ஆண்டு, அமைச்சு மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். சபைக்கு எடுக்கப்பட்டதா என்பதை ஒழுங்குப் பத்திரத்திலும் ஹன்சாட்டிலும் பார்க்கலாம். இரண்டும் நாடாளுமன்ற இணையத்தளத்தில் வெளியாகின்றன.

தனிநபருக்கு நேர்ந்த அநீதிக்குப் பொது மனு கொடுக்கலாம். இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் விடுபட்டது போன்றவை இதில் அடங்கும். ஆனால் பொது மனுவை நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஊடாகவே சமர்ப்பிக்க முடியும்.

உறுப்பினர் அசையாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கமநல சேவை நிலையம், பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம் எதிலும் தமிழில் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். இப்படிப் பெறும் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பினரிடம் போனால், அவர் அதை வினாவாக்க மறுப்பது கடினம்.

அடுத்த முறை ஒரு மதத் தலைவர், எந்த உடையில் இருந்தாலும், நாட்டின் உணவைப் பற்றிப் பேசும்போது இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். அவர் யாருடைய வயலில் நின்று கேட்டுவிட்டு வந்து பேசுகிறார்? அவர் சொல்வது பிழைத்தால் அந்தப் போகத்தின் நட்டத்தை யார் சுமப்பார்?